சி.எம்.எல். ரத்தப் புற்றுநோய்: எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: என் அண்ணனுக்கு 52 வயது. சி.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய், தொடக்க நிலைதான் என்கிறார்கள். ஒரு பழைய புத்தகத்தில் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்று இருக்கிறது. வேறோர் இடத்தில் ஐந்தாண்டு தாண்டுகிறவர்கள் சுமார் 70 சதவீதம், இன்னோர் இடத்தில் பத்தாண்டு தாண்டுகிறவர்கள் 83 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எது உண்மை?

பதில்: மூன்றும் உண்மைதான். உங்கள் அண்ணனின் நிலைக்கு நெருக்கமானது கடைசிக் கணக்கு. முதலாவது, இந்த நோய்க்கு இப்போது தரும் இமாட்டினிப் மாத்திரை வருவதற்கு முந்தைய காலத்துடையது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இந்த நோயாளிகளில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இறந்தார்கள். இப்போது ஒன்றிரண்டு பேர். ஆகவே எந்தப் புள்ளிவிவரம் கண்ணில் பட்டாலும், அது எந்த ஆண்டுகளில் நோய் கண்டவர்களைப் பற்றியது என்பதை முதலில் பாருங்கள்.

83 சதவீதம் என்பது, தொடக்க நிலையில் இமாட்டினிப் தொடங்கி, ஆய்வில் ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்டவர்களின் கணக்கு. 70 சதவீதம் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கு. அதில் வயது முதிர்ந்தவர்கள், நோய் முற்றிய பிறகு வந்தவர்கள், மாத்திரையைத் தொடராதவர்கள் எல்லோரும் அடக்கம்.

இனி அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) ரத்தச் சோதனை சொல்லிவிடும். இந்த நோயை உண்டாக்கும் மரபணு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டும். மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் உடனே மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல நேரம் காரணம் விட்டுப்போன மாத்திரைகள்தான். பத்தில் ஒன்றுக்கு மேல் தவறினாலே பலன் தெளிவாகக் குறைகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இரண்டும் இல்லையென்றால் மரபணு மாற்றச் சோதனை எடுப்பார்கள். டி315ஐ என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் வேலை செய்யாது. பொனாட்டினிப், அசிமினிப் போன்றவற்றுக்கு மாற வேண்டும். இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே விடாதீர்கள். நோய் முற்றி, முதிராத ரத்த அணுக்கள் பெருகும் கட்டத்துக்குப் போய்விட்டால் மீட்பது மிகக் கடினம்.

கேள்வி: மாத்திரை போட்டால் குமட்டுகிறது, கண்ணிமை வீங்குகிறது. பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாகக் குறைக்கவே வேண்டாம். வெறும் வயிற்றில் போடாமல், வயிறாரச் சாப்பிடும் வேளையோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்குங்கள். விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, கரைந்தவுடன் குடித்துவிடலாம். இமை வீக்கம் இந்த மருந்தில் சகஜம், பெரும்பாலும் ஆபத்தில்லை. எடை திடீரென ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழச்சாறு மருந்தின் அளவைக் கூட்டும், தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சோதனையில் நோயே தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: பல ஆண்டுகள் மருந்து எடுத்து, குறைந்தது இரண்டாண்டு நோய் மிக ஆழமாக அடங்கியிருப்பவர்கள் மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் முயலலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வருகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் அந்தக் காலத்தில் மாதந்தோறும் சோதனை. மாத்திரையை மீண்டும் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது.