பொழிப்பு (பாட்டின் கருத்தை உரைநடையில் சொல்வது) மட்டும் படித்தால் கவிதை விளங்காதா? படிமம் (மனக்கண்ணில் எழும் காட்சி), ஓசை, தொனி (சொல்லும் குரலின் சாயல்) எல்லாம் எதற்கு?

கேட்டவர் உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் எடுப்பவர் போலத் தெரிகிறது. சோதனைக்குப் பொழிப்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் சொல் ஒன்றைச் சொல்ல, ஓசை வேறொன்றைச் சொல்கிற இடங்கள் உண்டு. என்னைக் கேட்டால் ருசியே அங்கேதான்.

கம்பராமாயணத்தில் சூர்ப்பணகை அழகியாக உருமாறி இராமன் முன் வரும் பாட்டை எடுங்கள். பஞ்சி, விஞ்சு, செஞ்செவிய என்று தொடங்கி இப்படி முடியும்:

அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. மயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று அழகை அடுக்கிக்கொண்டு வந்தவர், அதே அடுக்கில், அதே மெட்டில், நஞ்சையும் வைத்துவிடுகிறார். ஓசை துளியும் தடுமாறவில்லை. மயிலில் மயங்கிய காது நஞ்சையும் சேர்த்து விழுங்கிவிட, அதற்குப் பிறகுதான் புத்தி விழிக்கிறது. பொழிப்பு “நஞ்சு போன்ற சூர்ப்பணகை வந்தாள்” என்று எழுதும். தகவல் சரி, ஏமாற்று எங்கே?

தொனிக்கும் கம்பரிடமே போகலாம். கும்பகருணனை எழுப்பப் போனவர்கள் “எழுந்திராய் எழுந்திராய்” என்று கத்திப் பார்க்கிறார்கள். முடிவில், காலதூதர் (யமனின் தூதர்) கையிலே “உறங்குவாய் உறங்குவாய் இனிக்கிடந் துறங்குவாய்” என்கிறார்கள். சொல்லை மட்டும் பார்த்தால் தாலாட்டு. ஃபோனும் கையுமாக இருக்கிற பிள்ளையிடம் அம்மா “ஓமோம், நல்லாப் படி” என்று சொல்வாவே, அந்த இழுப்புத்தான் இது. அதற்குள் எரிச்சலும் இருக்கிறது, கையாலாகாத பயமும் இருக்கிறது.

படிமத்துக்குக் குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. களவில், அதாவது ஊரறியாமல், கூடிய நாளில் சாட்சிக்கு ஒருவரும் இல்லை, அவனே கள்வன், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. இருந்தது ஒரு குருகு, கொக்கு மாதிரிப் பறவை, மட்டும். தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போனால் கடல்நீரில் கொக்கு நிற்பதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அதன் கண் மீனைவிட்டு அசையாது. அதைப் போய் யார் சாட்சிக்குக் கூப்பிடுவது? அவள் அவனைத் திட்டவில்லை. ஆனால் இரையிலேயே கண்ணாக நிற்கிற ஒன்றை நம் முன் நிறுத்திவிட்டாள். அது குருகு மட்டும்தானா என்பதை அவள் சொல்லவே இல்லை.

பழசு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர், கவிஞர் மகாகவி (உருத்திரமூர்த்தி, 1927–1971) எழுதிய ‘தேரும் திங்களும்’ இருக்கிறது. ஊர் கூடி இழுக்கும் தேரின் வடத்தைத் தானும் பிடிக்க ஒருவன் வருகிறான். அவனைச் சாதி மறிக்கிறது. நில், நிறுத்து, புல், புலை, கொல், கொளுத்து என்று ஆளாளுக்கு ஒரு சொல். ஒரே எதுகையில் (இரண்டாம் எழுத்து ஒத்துவர) விழுகிற கட்டைச் சொற்கள். அடுத்த வரியில் கல் விழுவதற்கு முன்னமே நம் காதில் எறி விழத் தொடங்கிவிடுகிறது. கவிஞர் “ஐயோ” என்று ஒரு சொல் அழவில்லை. அழுதிருந்தால் நாமும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு எழும்பிப் போயிருப்போம்.

எங்கள் கோயில்களில் புராண படனம் நடக்கும்போது ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பயன் சொல்பவர் வாய் திறக்க முன்னமே கண்ணைத் துடைக்கிற ஆச்சிமாரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பக்தியில் அழுதார்கள் என்று சொல்லிவிடலாம், சரி. ஆனால் பாட்டில் பாதி அவர்களுக்கு அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம், சோதனை விஷயம். “ஓசைநயம் மிக்கது” என்று மொட்டையாக எழுதி வைக்காதீர்கள், அதை எந்தப் பாட்டுக்கும் எழுதலாம். தொல்காப்பியர் ஓசையில் மட்டும் 20 வண்ணம் (ஓசை வகை) பிரித்தவர். அவ்வளவு வேண்டாம். எந்த எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் வருகிறது, அங்கே பாட்டில் என்ன நடக்கிறது, இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள்.