ஏத்தம் எம்புட்டு? – சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நாங்க நாலு பேரு மதுரைல இருந்து வத்தலக்குண்டு வழியா கொடைக்கானலுக்கு சைக்கிள்ல போறோம். ஒரு ஆப்ல மொத்த ஏத்தம் 2,300 மீட்டர்னு காட்டுது, அதே ரூட் இன்னொரு ஆப்ல 2,900ங்குது. எத நம்புறது?
– வாசகர், செல்லூர்

பதில்: ரெண்டையுமே அப்படியே நம்பாதீங்க தம்பி. மதுரை கடல் மட்டத்துல இருந்து நூத்துச் சொச்சம் மீட்டர், கொடைக்கானல் 2,100 பக்கம், எப்படிப் பாத்தாலும் 2,000 ஏறித்தான் ஆகணும், அதுக்கு மேல வர்றதுதான் ஆப்புக்கு ஆப்பு மாறுது. ஏன்னா நிறைய ஆப்பு ரோட்டுல போயி ஒசரத்த அளக்கல, 2000-ல விண்வெளி ஓடத்துல ரேடார் வச்சு எடுத்த டேட்டாவத்தான் வச்சிருக்கு, அதுல சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். மலை ரோடோ பாறைய வெட்டிப் போட்டது, ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், மேப்புல கோடு கொஞ்சம் அங்குட்டு இங்குட்டு தள்ளிருந்தா மேட்டையும் பள்ளத்தையும் மாத்தி மாத்தி எடுத்துக்கும், நீங்க பாட்டுக்கு சீரா ஏறிக்கிட்டு இருப்பீங்க, ஆப்பு நீங்க இறங்கி இறங்கி ஏறுனதா கணக்கு எழுதிரும்.

அதனால மொத்தத்த விட்டுட்டு ஆப்புல ஒசரத்த கோடா காட்டுற கிராஃப பாருங்க. மலை ஏத்தம் ஆரம்பிக்கிற காட்ரோட்டுல இருந்து மேல சுமார் 50 கிலோமீட்டர், ஏறுறது 1,800 மீட்டர் பக்கம், வகுத்துப் பாத்தா 100 மீட்டருக்கு மூணரை நாலு மீட்டர்தான். பஸ்ஸு ஏறுற ரோடு, செங்குத்தெல்லாம் இல்ல, ஆனா ஏத்தம் தீரவே தீராது! நடுவுல எங்கயாவது 25 சதவீதம்னு (100 மீட்டருக்கு 25 மீட்டர் ஏத்தம்) ஒத்தக் கோடு நட்டமா நின்னா பயந்துறாதீங்க, அது டேட்டா கோளாறு. சில்வர் கேஸ்கேட் அருவிய பாத்ததும் வந்தாச்சுன்னு கால தளத்திறாதீங்க, ஊருக்கு இன்னும் 8 கிலோமீட்டர் கெடக்கு, அதுவும் ஏத்தம்தான். கியர் இல்லாத சைக்கிள்னா திட்டத்த மாத்திக்கங்க.

கேள்வி: குமுளி கொடைக்கானல்ல பாதி ஒசரம்கூட இல்லயே, அப்ப ஈசிதானண்ணே?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அப்படிச் சொல்ல முடியாதும்மா. குமுளி மலை அடிவாரத்துல இருக்குற லோயர் கேம்ப் வரைக்கும் கம்பம் பள்ளத்தாக்குல அலுங்காம போவீங்க, அப்பறம் இருக்குற ஏத்தமெல்லாம் கடைசி சில கிலோமீட்டர்ல மொத்தமா வந்து நிக்கும், அதுவும் கால் ஓஞ்சு போன நேரத்துல. அந்தக் கடைசித் துண்ட மட்டும் தனி ரூட்டா போட்டுப் பாத்தா எம்புட்டு செங்குத்துன்னு தெரிஞ்சிரும். முழு ரூட்டுல அத தேடுனா ஸ்க்ரீனுக்குள்ள சுருங்கிக் கெடக்கும். ஆடி மாசம்னா தேனி தாண்டுனதும் காத்து எதுக்க அடிக்கும், எந்த ஆப்லயும் அது ஏத்தக் கணக்குல வராது, ஆவணி கழிச்சு வச்சுக்கங்க.