வெயிலில் இரு சிறுவர்கள்

கேள்வி: அண்மையில் தாங்கள் விரும்பி வாசித்த நாவல் ஒன்றையும், பார்த்த திரைப்படம் ஒன்றையும் எங்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலையும், பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ படத்தையும் சேர்த்தே சொல்வேன். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நாவலை அண்மையில் மறுபடியும் வாசித்துவிட்டு, அந்த மனநிலை கலையும் முன்பே படத்தையும் பார்த்தேன். இரண்டிலும் வெயில், வறுமை, பெரியவர்களின் வன்மம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு சிறுவன் தனக்கென ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொள்கிறான். இரண்டுமே அவனுக்காக நம்மிடம் இரக்கம் கேட்பதில்லை.

நாவலின் கூளையன், கொங்கு வட்டாரத்தில் ஒரு கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவன். மேய்ச்சல் காட்டில் நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி ஆகியோரோடு அவன் ஆடும் ஆட்டங்களையும் போடும் சண்டைகளையும் ஆசிரியர் அவசரமின்றி எழுதிச் செல்வதால், அந்தக் காட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நமக்குப் பழகிவிடுகின்றன. பண்ணைக்காரரின் மகன் செல்வனோடு கூளையனுக்கு ஏற்படும் நட்பும், அந்த நட்புக்குச் சாதி போடும் எல்லையுமே நாவலின் உயிர்நாடி என்பது என் எண்ணம். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். கொங்கு வழக்கு தொடக்கத்தில் சற்றுத் தடுக்கலாம். சில பக்கங்களில் காதுக்குப் பழகிவிடும்.

கேள்வி: ‘கூழாங்கல்’ படத்தில் பாடலும் இல்லை, பெரிய கதையும் இல்லை என்கிறார்களே, பொறுமையாகப் பார்க்க முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக முடியும், படமே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்துவருவதற்காக, குடிகாரரான கணபதி பள்ளியிலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார். திரும்பும்போது இருவரும் மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நடந்தே வர நேர்கிறது. கதை அவ்வளவுதான். ஆனால் முன்னே நடக்கும் தந்தையின் முதுகில், உடைந்த கண்ணாடித் துண்டால் வேலு வெயிலைத் திருப்பி அடிக்கும் காட்சி ஒன்று போதும், அந்தச் சிறுவனின் கோபம் முழுவதும் வசனமின்றியே நமக்குப் புரிந்துவிடும். தாகத்துக்கு அவன் வாயில் அதக்கிக்கொள்ளும் கூழாங்கல்லை வீட்டில் எங்கே வைக்கிறான் என்பதையும் தவறாமல் கவனியுங்கள். கணபதியாகக் கருத்தடையானும் வேலுவாகச் செல்லப்பாண்டியும் வாழ்ந்திருக்கிறார்கள். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற இப்படத்தை, பகல் வெளிச்சம் படாத அறையில் இடைவேளையின்றி ஒரே மூச்சில் பாருங்கள். யுவன் சங்கர் ராஜா அளவோடு நிறுத்திக்கொண்ட இசையும், இடையிடையே காற்றின் ஓசையும் அப்போதுதான் முழுமையாகக் காதில் விழும்.