பத்து நிமிடத்தில் மனசு மாறுமா?

கேள்வி: எனக்கு 48 வயது. காரைக்குடி பக்கம் எங்கள் ஊர். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், மகள் பெங்களூருவில் வேலை பார்க்கிறாள். இத்தனை பெரிய வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். மூன்று மாதமாக எதிலும் பிடிப்பில்லை. முன்பெல்லாம் ஆசையாகக் கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுவேன், இப்போது ஓலையைத் தொடவே தோன்றவில்லை. மகள் போனில் மனச்சோர்வுக்கான ஒரு இணையப் பயிற்சியின் இணைப்பை அனுப்பி, "பத்து நிமிஷந்தான் ஆத்தா, செஞ்சு பாருங்க" என்கிறாள். பத்து நிமிடத்தில் மனசு மாறுமா, இல்லை இதுவும் ஒரு ஏமாற்றா?

பதில்: ஏமாற்றா என்று கேட்டீர்களே தங்கச்சி, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிச் சின்னப் பயிற்சிகளில் உருப்படியானவை இருக்கின்றன, ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 13 முதல் 16 வயது வரையிலான 2,452 பிள்ளைகளுக்கு, ஒரே ஒரு முறை உட்கார்ந்து முடிக்கிற இணையப் பயிற்சி கொடுத்தார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மனச்சோர்வு கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம்தான். அதுவும் பிள்ளைகளுக்கு. வீட்டையும் மாமியாரையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிற உங்களுக்கும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். காசில்லை, பத்து நிமிடம், செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நானும் ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறேன். கடைசியில் திரையில் பலூன் பறக்கவிட்டு "சபாஷ்" என்றது, எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் அது கேட்ட ஒரு கேள்வி நல்ல கேள்வி: நாளைக்கு எந்த நேரம், எந்த இடத்தில், என்ன செய்யப் போகிறீர்கள்? நடுவில் ஏதாவது குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள்?

விஷயமே அங்கேதான் இருக்கிறது. மனசு சரியானதும் கொட்டான் பின்னலாம் என்று நாம் காத்திருப்போம். பின்னாமல் இருக்க இருக்க, நாளில் சந்தோஷம் தருகிற ஒன்று குறைகிறது, மனசு இன்னும் இறங்குகிறது, அப்புறம் ஓலையைப் பார்த்தாலே அலுப்பு. இந்தச் சுழலை மனசின் பக்கத்திலிருந்து அவிழ்ப்பது கஷ்டம், கையின் பக்கத்திலிருந்து அவிழ்ப்பது கொஞ்சம் சுலபம் என்பதால்தான் மனநல சிகிச்சையிலேயே, தோன்றாவிட்டாலும் சின்னதாக ஒன்றைச் செய்யுங்கள், தோன்றுவது பின்னால் வரட்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அனுப்பியதும் அந்த வகையாக இருக்கலாம்.

அதனால் கொட்டான் முழுசாகப் பின்ன வேண்டும் என்று எழுதிவிடாதீர்கள். "நாளை சாயங்காலம் 5 மணிக்கு, காபி குடித்ததும், இரண்டாம் கட்டில் உட்கார்ந்து ஓலையை மட்டும் நனைத்து வைப்பேன். அத்தை கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை நனைப்பேன்" என்று எழுதுங்கள். அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிப்பு வர வேண்டும், அந்த அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். மறுநாள் செய்யவில்லையா, குற்ற உணர்ச்சி வேண்டாம், இன்னும் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். போன் நம்பர், ஓடிபி, கார்டு விவரம் கேட்டாலோ, "21 நாளில் கவலை பறந்துவிடும், 999 ரூபாய்" என்று ஆசை காட்டினாலோ மூடிவிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் மகளைப் போனில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்படியாவது அவள் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உங்களோடு பேசுவாளே!

ஆனால் நீங்கள் சொன்னது மூன்று மாதம். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது பொதுக் கணக்கு, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். பயப்பட வேண்டாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரி எதிலும் பிடிப்பில்லாமல், அசதியாக இருக்கும், மாதவிடாய் நிற்கிற வயதிலும் மனசு இப்படி ஆடும். பத்து நிமிடப் பயிற்சிக்கு உங்கள் ரத்தத்தைப் பார்க்கத் தெரியாது. பயிற்சியையும் செய்யுங்கள், காரைக்குடி போய் மருத்துவரையும் பாருங்கள். "தூக்கமில்லை, அசதி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சத்து மாத்திரையோடு திரும்பி வந்துவிடாமல், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள்.

போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்கிற நினைப்பு எட்டிப் பார்த்தால் இணைப்பெல்லாம் வேண்டாம், உடனே 14416-க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், 2022 முதல் நடக்கிறது, காசில்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். கணவரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் அங்கே கவலைப்படுவாரே என்று மறைக்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று மாமியாரோடு யார் இருப்பது என்பதை இன்றே யாரிடமாவது கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அதையே காரணமாக வைத்து இன்னொரு மாதம் ஓடிவிடும்.