காம்பில் எழுதிய எண்

அன்புள்ள ஐயா,

நான் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்காரன். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது பினாங்கில், பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை செய்கிறேன். அதை விட்டுவிட்டு, நண்பர்கள் இருவரோடு ஊரிலேயே ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கலாமா என்று யோசனை. கடைவீட்டு மாடி வாடகை பினாங்கில் கேட்பதில் பாதிகூட இல்லை. தமிழ்நாட்டில், தென்காசிப் பக்கம் அலுவலகம் போட்டு ஸோஹோ மென்பொருள் நிறுவனம் செய்ததை நாம் ஏன் இங்கே செய்யக்கூடாது? அம்மாதான், "தோட்டத்தை விட்டுப் போகத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்" என்று புலம்புகிறார். உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள தம்பி,

முதலில் ஸோஹோ. அது தென்காசியில் பிறந்த நிறுவனம் இல்லை. 1996இல் தொடங்கி, வெளிநாடுகளில் வாடிக்கையாளர்களைச் சேர்த்த பிறகு, 2011இல்தான் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறைக்குப் போனது. ஆட்களைப் பழக்கி எடுக்கும்வரை சம்பளம் கொடுக்க அதன் கையில் காசு இருந்தது. உன் கையில் இல்லை. சின்ன ஊரில் பழக்கிய ஆள் சட்டென்று வேறு இடத்துக்குத் தாவ மாட்டான் என்பார்கள். நம் ஊரில் அதையும் நம்ப முடியாது. பக்கத்திலேயே கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, 1996இலிருந்து இருக்கிறது. பேக்டரி பஸ் தாமான் குடியிருப்பு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறதே!

வாடகைக் கணக்கும் அப்படித்தான். மென்பொருள் நிறுவனத்தில் பெரிய செலவு சம்பளம். மாடி வாடகையில் மிச்சமாவது ஓர் ஆளின் சம்பளத்துக்காவது வருமா என்று போட்டுப் பார்.

அப்புறம் ஏன் ஊருக்கு வர வேண்டும்? போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உறவுக்கார மாமா ஒருவர் ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறார். குலை விற்க அவரோடு ரேம்ப்புக்கு, அதாவது குலையை வாங்கி ஆலைக்கு அனுப்பும் இடத்துக்கு, போனேன். லோரி எடைமேடையில் ஏறி இறங்கியது. அங்கே நின்ற பையன் குவியலைக் காலால் இரண்டு தட்டுத் தட்டினான். "காய் இருக்கு, காம்பும் நீளம்" என்றான். பழுக்காததற்கும் எண்ணெயில்லாத காம்புக்கும் என்று எடையில் கொஞ்சம் கழித்து எழுதினான். எத்தனை குலை காய், எத்தனை காம்பு நீளம் என்று யாரும் எண்ணவில்லை. மாமா சீட்டை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மல்லுக்கட்ட நேரமில்லை. வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அடுத்த ரேம்ப்புக்குப் போனால் டீசல் காசு வேறு.

செம்பனை எண்ணெய் வாரியம் விலையைத் தினமும் வெளியிடுகிறது. மாமா அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கழிவு எவ்வளவு என்பதை மட்டும் எதிலும் பார்க்க முடியாது. தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் தன் எண்ணைக் காம்பில் எழுதி வைப்பார், தோட்டக் கணக்கரான கிராணி அதைப் பார்த்துக் கணக்கெடுப்பார். மாமாவுக்கு அந்தக் கணக்குகூடக் கிடையாது.

இதில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கோலாலம்பூரில் இருக்கும் கெட்டிக்காரனுக்கு இப்படியொரு தொல்லை இருப்பதே தெரியாது. நீ இந்த மண்ணில் வளர்ந்தவன். காய்க்குலையை எண்ண நீ செய்த செயலி தப்பாக எண்ணினால், முகத்துக்கு நேரே திட்டுவதற்கு இங்கே இருபது மாமாக்கள் இருக்கிறார்கள். பட்டணத்தில் காசு கொடுத்தாலும் அப்படித் திட்ட ஆள் கிடைக்காது. ஆனால் பணம் யார் தருவார்? மாமா தரமாட்டார். ரேம்ப்காரருக்கு இந்தத் தெளிவே கசக்கும். ஆலைக்குப் போய்ப் பேசு. காய்க்குலை உள்ளே வந்தால் எண்ணெய் குறைந்து நட்டப்படுவது ஆலைதான்.

முதலுக்கு உடனே மானியம், முதலீட்டாளர் என்று ஓடாதே. வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டுபோடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டே நம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள் போட்ட முதல் அது. அதைவிடத் துணிச்சலான தொழில் தொடக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மாவைக் குறை சொல்லாதே. 1990களில் பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் அரசாங்க நகரமான புத்ராஜெயா எழுந்தது, பக்கத்திலேயே தொழில்நுட்ப நகரமான சைபர்ஜெயா. தோட்டத்து ஜனங்கள் சட்டிமுட்டியோடு டெங்கில் பக்கம் போனார்கள். ஊருக்குத் தொழில்நுட்பம் வருகிறது என்றால் அம்மாவின் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது சாமான் ஏற்றும் லோரி. நீ செய்யப் போவது வேறு என்பதை வாயால் விளக்க முடியாது.

வேலையை இப்போதே விடாதே. மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் ரேம்ப்பில் நின்று, கழித்த எடையை எழுதி வை. மாமாவிடம் சொல்லிவிட்டேன். இந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்தால், ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு மூவருமாகப் போகலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வா, செம்பனைக் கறை போகாது.