இடி, ரயில் ஹார்ன், தீப்பெட்டி போன்: இயற்பியல் டீச்சரிடம் கேட்டவை

எட்டாவதிலிருந்து பத்தாவது வரை இயற்பியல் எடுக்கிறேன், இருபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கு இயக்கம், அலை, ஒலி இந்த மூன்றில் மட்டும் கேளுங்கள். ஒளியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வரையறை வேண்டுமென்றால் புத்தகத்திலேயே இருக்கிறது. வீட்டில், பஸ்ஸில், மொட்டை மாடியில் பார்த்துவிட்டுக் குழம்பினீர்களே, அதைக் கேளுங்கள்.

கேள்வி: டீச்சர், மின்னல் அடித்ததும் எண்ண ஆரம்பித்தால் இடி எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

உண்மைதான். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். வெளிச்சம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, அதனால் மின்னலைப் பார்த்த நேரமும் அது அடித்த நேரமும் ஒன்றுதான். ஒலி அப்படியில்லை. 0 டிகிரி குளிரில் நொடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். நம் ஊர் 30 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 349 வரும், அதாவது கிட்டத்தட்ட 350. ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பதற்றத்தில் எல்லாரும் வேகவேகமாக எண்ணிவிடுகிறோம், அதனால் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து எண்ணு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் எண்ணுவதை விட்டுவிட்டு உள்ளே போய்விடு, மரத்தடிக்குப் போகாதே.

அதே மாணவர்: மின்னல் பளிச்சென்று ஒரு நொடிகூட இல்லை. இடி மட்டும் ஏன் உருண்டுகொண்டே போகிறது?

நல்ல கேள்வி. மின்னல் ஒரு புள்ளி இல்லை, பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோணல்மாணல் கோடு. அந்தக் கோடு முழுக்க ஒரே சமயத்தில்தான் காற்று சூடாகி வெடிக்கிறது. ஆனால் உனக்குப் பக்கத்து முனையின் சத்தம் முதலில் வரும், மேகத்துக்குள் இருக்கும் தூரத்து முனையின் சத்தம் பத்துப் பதினைந்து நொடி கழித்துக்கூட வரும். ஒரே வெடியைத் தவணை முறையில் கேட்கிறாய். கட்டடத்திலும் மேகத்திலும் பட்டுத் திரும்புவது அதோடு சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: பஸ் பிரேக் போட்டால் என்னை முன்னால் தள்ளுவது எந்த விசை? பரீட்சைக்கு என்ன எழுத?

எந்த விசையும் தள்ளவில்லை. பஸ் மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் நீயும் நொடிக்கு 10 மீட்டர் போய்க்கொண்டிருக்கிறாய். பிரேக் பஸ்ஸைத்தான் பிடிக்கிறது. உன் செருப்பைப் பஸ்ஸின் தரை பிடிக்கிறது. இடுப்புக்கு மேலே உன்னைப் பிடிக்க ஆளில்லை, அது பழையபடி போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். பரீட்சைக்கு ‘இயக்கத்தில் நிலைமம்’ என்று எழுது. ‘முன்னோக்கி ஒரு விசை தள்ளுகிறது’ என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன், விடைத்தாளில்.

கேள்வி: போகும்போது 40, வரும்போது 60. சராசரி 50 என்று போட்டேன், தப்பு என்கிறார்கள்.

48. ஒரு பக்கம் 120 கிலோமீட்டர் என்று வைத்துப் பார். போக மூன்று மணி நேரம், வர இரண்டு மணி நேரம், மொத்தம் 240 கிலோமீட்டர் 5 மணி நேரத்தில். மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

கேள்வி: ஒலி காற்றில் போகிறது என்றால், ஸ்பீக்கரிலிருந்து காற்று கிளம்பி என் காதுக்கு வருகிறதா? அப்படியானால் திருவிழாவில் ஸ்பீக்கர் முன்னால் நின்றால் காற்று வீச வேண்டுமே?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு என் தனி நன்றி, ஏனென்றால் வருடா வருடம் பாதி வகுப்பு இதைக் கேட்காமலேயே தப்பாகப் புரிந்துகொண்டு பாஸாகிப் போய்விடுகிறது. காற்று வருவதில்லை. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள். கடைசியில் நிற்பவர் முன்னால் இருப்பவரை இடிக்கிறார். அவர் தடுமாறி அடுத்தவரை இடித்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்புகிறார். அந்த இடி வரிசை முழுக்கப் போய் கவுண்டரில் முட்டுகிறது. இத்தனைக்கும் ஒருவர்கூட ஓர் அடி முன்னேறவில்லை, அரிசியும் கிடைக்கவில்லை. ஆட்கள் நெருங்கிய இடம் நெருக்கம், விலகிய இடம் நெகிழ்வு. புத்தகத்தில் நெட்டலை என்று போட்டிருப்பது இதுதான்.

நாம் சாதாரணமாகப் பேசும்போது காற்றுத் துகள்கள் இப்படியும் அப்படியும் அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. திருவிழா ஸ்பீக்கர் முன்னால் நெஞ்சு அதிர்கிறது, சட்டை துடிக்கிறது, ஆனால் சட்டை ஒரே பக்கமாகப் பறக்காது, கவனித்துப் பார். அலை என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது ‘எது போகிறது, எது இருந்த இடத்திலேயே ஆடுகிறது’ என்பதுதான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே சாவி.

கேள்வி (ஓர் அம்மா): பையனுக்குத் தீப்பெட்டியில் போன் செய்து கொடுத்தேன். நாங்கள் சின்ன வயதில் பேசினோம், இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. என்ன தப்பு?

நூல் தொய்ந்திருக்கும், இல்லையென்றால் கதவிலோ ஜன்னல் கம்பியிலோ உரசிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால்தான் அதிர்வு போகும். நூலை விரலால் சுண்டினால் ‘டிங்’ என்ற சத்தம் கோப்பையில் கேட்க வேண்டும், அதுதான் சோதனை. தீப்பெட்டியை விட டீ குடிக்கும் காகிதக் கப் நன்றாக வேலை செய்யும். அடியில் ஊசியால் சின்ன ஓட்டை போட்டு, நூலை உள்ளே விட்டு, உள்பக்கம் ஒடித்த தீக்குச்சியில் முடிச்சுப் போடுங்கள். அப்படிச் செய்தால் முடிச்சு பிய்ந்து வராது, கப்பின் அடியும் முழுசாக அதிரும். ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்தக் கப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெட்டவெளியில் பேசினால் சத்தம் நாலாபக்கமும் சிதறிப்போகும், நூலில் போவதற்கு ஒரே வழிதான். அதனால்தான் முணுமுணுத்தால்கூடக் கேட்கிறது.

கேள்வி: நிலாவில் கத்தினால்?

கேட்காது. அங்கே காற்று இல்லை, அதாவது ரேஷன் கடை வரிசையில் ஆளே இல்லை.

கேள்வி (மிருதங்கம் கற்கும் மாணவர்): வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலின் நடுவில், கறுப்பாக அப்பியிருக்கும் கரணை எதற்கு? அழகுக்கா? டோலக், பறைக்கெல்லாம் அது வெளியே தெரியவில்லையே.

அழகுக்கு இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். ஒளிச் சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர் என்று எல்லாருக்கும் தெரியும், மேளத்தைத் தட்டித் தட்டி ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். வீணைத் தந்தியைச் சுண்டினால் ஓர் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது) மட்டும் வராது. அடிப்படை அதிர்வெண் 1 என்றால் 2, 3, 4, 5 மடங்கும் கூடவே வரும். முழு எண் மடங்காக இருப்பதால் காது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஸ்வரமாக எடுத்துக்கொள்கிறது. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் வருவதோ 1, 1.59, 2.14, 2.30 என்ற மாதிரி. எதற்கும் எதற்கும் ஒட்டு உறவில்லை. அதனால்தான் சாதாரண மேளத்தில் ‘தொம்’ என்ற சத்தம் வருகிறது, இதுதான் ஸ்ருதி என்று பாடிக் காட்ட முடிவதில்லை. நடுவில் கல்பொடியும் சோறும் அரைத்து, மெல்லிய அடுக்குகளாக, நடு தடித்து ஓரம் மெலிந்து அப்பினால் தோலின் நடுப்பகுதி கனக்கிறது. அந்தக் கனம் அதிர்வுகளை எல்லாம் இழுத்துப்பிடித்து 1, 2, 3, 4, 5 என்ற வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இதைச் சுருக்கமாக எழுதினார், பிறகு 1934-ல் விரிவாக. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டுவார். அதிராத கோடுகளில் மணல் போய் ஒதுங்கும், அதைப் படமெடுப்பார்.

ஆக, உன் மிருதங்கத்தைத் தம்புராவோடு ஸ்ருதி சேர்க்க முடிகிறதென்றால் அது கரணையின் வேலை. கரணை உதிர்ந்தால் முதலில் கெடுவது நாதம்தான், உன் வாத்தியாருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் பல நூறு வருடமாகக் காதால் கண்டுபிடித்துச் செய்ததற்கு ராமன் கணக்குக் காட்டினார் என்றுதான் நான் சொல்வேன்.

கேள்வி: வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது சத்தம் கீச்சென்று ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் ஜலதரங்கத்தில் தண்ணீர் அதிகமாக ஊற்றினால் ஸ்ருதி இறங்கும் என்று பாட்டு டீச்சர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டும் சரி. பாட்டிலில் பாடுவது தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று. 25 சென்டிமீட்டர் உயரமுள்ள குழாய் மாதிரிப் பாட்டிலை எடுத்துக்கொள். காலியாக இருக்கும்போது அந்தக் காற்றுத்தம்பம் சுமார் 350 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 350 தடவை அதிரும். பாதி நிரம்பியதும் காற்றுக்கு மிச்சம் பாதி நீளம்தான், அதிர்வெண் 700, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. கண்ணை மூடிக்கொண்டு பாட்டில் நிரம்பியதா என்று சொல்கிறோமே, அது இதை வைத்துத்தான். ஜலதரங்கக் கிண்ணத்தைக் குச்சியால் தட்டும்போது பாடுவது பீங்கான் சுவர். தண்ணீர் கூடக்கூட அந்தச் சுவர் தண்ணீரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஆட வேண்டியிருக்கிறது, அதனால் மெதுவாக ஆடும், ஸ்ருதி இறங்கும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து முதலில் வாயில் ஊது, அப்புறம் ஸ்பூனால் பக்கவாட்டில் தட்டு. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரண்டையும் திரும்பச் செய். ஒன்று ஏறும், மற்றது இறங்கும். என் வகுப்பில் இதைச் செய்யும் நாளில் பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும், பரவாயில்லை.

கேள்வி: ரயில் நெருங்க நெருங்க ஹார்ன் சத்தம் கீச்சாகிக்கொண்டே போகும், இதுதான் டாப்ளர் விளைவு. சரியா?

பாதி சரி. ரயில் ஒரே வேகத்தில் நேராக உன்னை நோக்கி வந்தால் ஸ்ருதி ஏறிக்கொண்டே போகாது. முதலிலிருந்தே ஏறித்தான் இருக்கும், அப்படியே நிற்கும். கூடுவது சத்தத்தின் அளவு மட்டும், அதைத்தான் ஸ்ருதி ஏறுவதாக நினைத்துக்கொள்கிறோம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது ரயில் உன்னைக் கடக்கும் அந்தச் சில கணங்களில்தான் ‘பாஆஆம்’ என்று வழுக்கி இறங்கும், பிறகு இறங்கினபடியே போகும்.

ரயில் 90 கிலோமீட்டர் வேகம், அதாவது நொடிக்கு 25 மீட்டர், ஹார்ன் 400 ஹெர்ட்ஸ் என்று வை. வரும்போது உனக்குக் கேட்பது சுமார் 431, போகும்போது 373. டிரைவர் காதில் எப்போதும் 400தான். டாப்ளர் என்ற விஞ்ஞானி இதை 1842-ல் காகிதத்தில் சொன்னார். 1845-ல் ஹாலந்தில் பைஸ் பாலட் என்பவர் ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றி, ஸ்ருதி ஞானமுள்ள ஆட்களைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்துச் சரிபார்த்தார். நாம் ரயில்வே கேட்டில் சும்மா நிற்கும்போதே அது இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: கனமான பொருள்தானே முதலில் விழும்? காகிதமும் புத்தகமும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

காகிதத்தைப் புத்தகத்தின் மேல் ஒட்டினாற்போல் வை, ஓரம் வெளியே நீட்டக் கூடாது. இப்போது புத்தகத்தைப் போடு. இரண்டும் சேர்ந்தே விழும், ஏனென்றால் காகிதத்துக்கு வரவேண்டிய காற்றுத் தடையைப் புத்தகம் வாங்கிக்கொள்கிறது. காற்றே இல்லாத நிலாவில் 1971-ல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார், ஒன்றாகவே விழுந்தன.

கேள்வி (நாகப்பட்டினம்): சுனாமி அன்று ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று மாமா சொல்வார். கரையில் அவ்வளவு அழிவு, நடுக்கடலில் எப்படி ஒன்றுமில்லாமல் இருக்கும்?

மாமா சொல்வது சரி. சுனாமி அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 4000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், விமானம் மாதிரி. 2004 டிசம்பர் 26 காலை 6:28-க்கு சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கியது, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நம் கரைக்கு வந்துவிட்டது. ஆனால் நடுக்கடலில் அதன் உயரம் மிகக் குறைவு. இரண்டு மணி நேரம் கழித்து மேலே போன செயற்கைக்கோள் அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர்தான். அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், ஆக படகு பல நிமிடம் எடுத்துக்கொண்டு முழங்கால் உயரம் ஏறி இறங்கும். யாருக்குத் தெரியும்?

கரைக்கு வந்து ஆழம் 10 மீட்டர் ஆனதும் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். முன்பகுதி மெதுவாகிவிட்டது, பின்பகுதி இன்னும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. அலை நெருக்கிக்கொண்டு மேலே எழுகிறது. ஒன்று சொல்ல வேண்டும்: ஆழ்கடலில் தண்ணீர் போகவில்லை, அலைதான் போகிறது என்று மேலே சொன்னது பொருந்தும். கரையில் அது பொருந்தாது, அங்கே தண்ணீரே உள்ளே வருகிறது. கடல் திடீரென்று பின்வாங்கினால் சங்கு பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

கேள்வி: கொசு காதருகே பாடுகிறது, பட்டாம்பூச்சி பாடுவதில்லை. ஏன்?

கொசு நொடிக்குச் சில நூறு தடவை சிறகடிக்கிறது. பட்டாம்பூச்சி பத்து தடவை போல. நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது.

கேள்வி (அதே அம்மா): காகிதக் கப் வாங்கி மாற்றினோம், ஹாலிலிருந்து மொட்டை மாடிப் படி வரை தெளிவாகக் கேட்கிறது! இப்போது தங்கையும் பேச வேண்டுமாம். மூன்று பேர் பேச முடியுமா?

முடியும். நூலின் நடுவில் இன்னொரு நூலை முடிச்சுப் போட்டு மூன்றாவது கப்பைக் கட்டுங்கள். மூன்று நூலும் விறைப்பாக இருக்க வேண்டும், ‘ஒய்’ எழுத்து மாதிரி நின்று இழுத்துப் பிடியுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், பங்கு பிரிகிறதல்லவா. படியில் நிற்பவரைக் கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல்லுங்கள், நூலை இழுக்கிற ஜோரில் பின்னால் போய்விடுவார்கள்.