அப்பா கையில் சென்சார் ஒட்டலாமா? ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். சர்க்கரை நோய் வந்து 12 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் மாத்திரையோடு இரவில் ஒரு வேளை இன்சுலின் 16 யூனிட் போடுகிறார். மூன்று மாத சர்க்கரை 9.2. அவர் சிகிச்சை பெறும் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு நடக்கிறதாம். பாதிப் பேருக்குக் கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டுவார்கள், மீதிப் பேர் வழக்கம்போல விரலில் குத்திப் பார்க்க வேண்டும், யாருக்கு எது என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்கிறார்கள். "நம்மளை சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க" என்கிறார் அம்மா. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. அவருக்காக நான் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போடக் கூடாது. உங்கள் அப்பா சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார். ஆய்வில் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். மகனோ மனைவியோ கூட இருந்து கேட்கலாம், யோசனை சொல்லலாம், அவ்வளவே. நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக் காகிதம் என்றாலே படித்த பிள்ளை பேனாவை எடுத்துவிடுகிறது. ஆய்வு ஒப்புதலில் அது செல்லாது.

படிக்கத் தெரியாதவருக்கு விதி இன்னும் கறாரானது. தகவல் படிவத்தை அவருக்குப் புரியும் மொழியில் முழுவதும் படித்து விளக்க வேண்டும். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உடனிருந்து அவரும் கையெழுத்திட வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு வராந்தாவில் நிற்பவரைக் கூப்பிட்டு "இங்க ஒரு சைன் போடுங்க" என்றால் அது சாட்சி ஆகாது. ஓசூர், சூளகிரி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் அந்த மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்கே முடிவு சொல்லியாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள்.

இனி அம்மாவின் பயம். ஆய்வாளர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த சென்சார் ஏற்கெனவே இந்தியாவில் விற்பனை அனுமதி பெற்றதா, புதிதாகச் சோதிக்கப்படுவதா? அனுமதி பெற்ற சென்சார் என்றால் இது மனித உடலில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்கும் சோதனை இல்லை. அது நம் ஊர் நோயாளிகளுக்குப் பயன்படுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். புதிய கருவி என்றால் முடிவெடுக்கும் முன் இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் ஒட்டிப் பார்த்தால் என்ன, ஏன் பாதிப் பேர் என்றால், தோப்பில் புது உரம் போடுகிறவர் நான்கு வரிசைக்குப் போடாமல் விடுவதற்கான காரணம்தான். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தால் எல்லா மரமும் காய்த்திருக்கும். உரத்தால் கூடியது எவ்வளவு என்று விட்ட வரிசையைப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் 15 மையங்களில் 175 பேரிடம் நடந்த 'மொபைல்' என்ற ஆய்வு 2021-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. அதில் சேர்ந்தவர்களும் உங்கள் அப்பாவைப் போலத்தான்: இரண்டாம் வகை சர்க்கரை நோய், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் மட்டும், சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் கிடையாது. எட்டு மாதத்தில் சென்சார் குழுவின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சர்க்கரை, 9.1-இலிருந்து 8.0 ஆனது. இதோடு நிறுத்தினால் சென்சாரால் 1.1 குறைந்தது என்று விளம்பரம் போட்டிருப்பார்கள். ஆனால் விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கும் 9.0-இலிருந்து 8.4-க்கு இறங்கியது. ஆய்வில் சேர்ந்தாலே அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறார்கள், மருந்தைச் சரி செய்கிறார்கள், நோயாளியும் கவனமாகிறார். இரு குழுக்களுக்கும் தொடக்கத்தில் இருந்த வித்தியாசத்தையும் சரி செய்து கணக்கிட்டுப் பார்த்தபோது சென்சாருக்கென்று நின்றது 0.4 தான். சிறியது என்றாலும் பயனுள்ள அளவு. சென்சார் இல்லாத குழுவில் விழுந்தால் அப்பாவுக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் கவனிப்பு உண்டு. ஆனால் அந்தக் குழு கிடைத்தால் விலகிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் சேராமல் இருப்பதே மேல். பாதியில் விலகுகிறவர்களால் கணக்கு கெடும்.

அந்த ஆய்வில் களி சாப்பிட்டு, வெயிலில் தோப்பில் வேலை செய்து, பட்டன் போன் வைத்திருப்பவர் யாரும் இருந்திருக்க மாட்டார். அதனால் நம் பக்கம் ஆய்வு நடப்பதை நான் வரவேற்கிறேன், முறைப்படி நடந்தால்.

முறைப்படி நடக்கிறதா என்பதை நீங்களே வீட்டிலிருந்து பார்க்கலாம். இந்தியாவில் மருத்துவச் சோதனைகளை 'சிடிஆர்ஐ' என்ற அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையதளத்தில் தேடினால் ஆய்வின் தலைப்பு, பொறுப்பாளர், யாரைச் சேர்ப்பார்கள், எதை அளப்பார்கள் எல்லாம் தெரியும். படிவத்தில், ஆய்வை ஆராய்ந்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இல்லை, சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் நேரடியாக போன் செய்யலாம். பஸ் காசும் அன்றைய கூலி இழப்பும் தருவது சரி. ஆய்வுக்கான சென்சாருக்கு உங்களிடமே பணம் கேட்டால் அந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டிய நேரம் அதுதான்.

அப்பாவுக்கு சென்சார் கிடைத்தால் நடைமுறையில் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். மேல் கையின் பின்புறம்தான் ஒட்டுவார்கள். மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். ஊசி போடும் வலிகூட இருக்காது. ஒட்டும் இடத்தில் எண்ணெய் இருந்தால் நிற்காது. அன்று காலை தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். கூடை சுமக்கும் தோளின் பக்கமும் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறாரோ அந்தக் கையும் வேண்டாம். காரணம், கையை அழுத்திப் படுத்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, ராத்திரி இரண்டு மணிக்கு 58 என்று அலாரம் அடிக்கும். எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் 110 இருக்கும். இந்தப் போலி எச்சரிக்கையால் வெறுத்துப்போய் மூன்றாம் நாளே கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. ஒட்டிய இடத்தில் அரிப்பும் தடிப்பும் வந்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள். வைட்டமின் சி மாத்திரை தினமும் 500 மி.கி.க்கு மேல் சாப்பிட்டால் சில சென்சார்கள் சர்க்கரையை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, திசுக்களுக்கு இடையில் உள்ள நீரை அளக்கிறது. அது ரத்தத்தைவிட ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கியே வரும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது இந்த இடைவெளி ஆபத்து. உடல் நடுங்கி வியர்க்கிறது, சென்சார் 85 காட்டுகிறது என்றால் உடலைத்தான் நம்ப வேண்டும். விரலில் குத்திப் பாருங்கள். குளூக்கோமீட்டர் கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

பார்க்க வேண்டிய இலக்கு இது: ஒரு நாளில் 70% நேரமாவது, அதாவது சுமார் 17 மணி நேரம், சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் இருக்க வேண்டும். 70-க்குக் கீழே 4%-க்கு மேல் போகக் கூடாது. இதில் வீட்டுக்குள் ஒரு சண்டை வரும், அது களியால். "கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது" என்று இரண்டு பெரிய உருண்டை வைப்பார்கள். 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 70 கிராம், அரிசியோடு ஒப்பிட்டால் பெரிதாகக் குறைவில்லை. நைசாக அரைத்த மாவு வேகமாகவும் ஏறும். சென்சார் கோடு 250-ஐத் தாண்டுவதைப் பார்த்த பிறகு, ஒரு சின்ன உருண்டையும் கூடவே நிறைய கீரையும் பயறும் என்று மாறுவது அப்பாவுக்கே எளிதாக இருக்கும். செந்தூரா மாம்பழ சீசனிலும் இதே கதைதான். ஒரு துண்டுக்கும் ஒரு பழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமே சொல்லிவிடும்.

ஆனால் வரைபடத்தைப் பார்த்து இன்சுலினை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். அவர் போடுவது நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதற்காக அதைக் கூட்டினால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கும். அளவை ஆய்வு டாக்டர் மாற்றினால் அதை எழுதி வாங்கி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் வழியாக வீட்டுக்கு மாத்திரை வருகிறதென்றால், கொண்டுவரும் பணியாளரிடமும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். இல்லையென்றால் பழைய அளவும் புதிய அளவும் சேர்ந்து உள்ளே போகும்.

கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு கேள்வி மிச்சம். சென்சாரால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வு முடிந்ததும் சென்சார் தொடருமா? பல வகைகள் 14 நாள்தான் ஓடும், ஒன்றின் விலை ஆயிரக்கணக்கில். தொடராது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படியானால் கடைசி 14 நாள் வரைபடத்தை அச்செடுத்துக் கேட்டு வாங்குங்கள். அப்பாவின் வழக்கமான டாக்டர் மருந்தை முடிவு செய்ய அந்த ஒரு தாள் பல மாதத்துக்கு உதவும்.